புது அலமாரிக்கு அறுபது வயது: குன்னூரில் தேயிலைச் சாயமும் துருவும்

புது அலமாரிக்குப் பழசின் தோற்றம் கொடுக்க நவம்பர் மூன்றாம் வாரம் பூசிய முதல் கதவு முழுக்க வீண். பிப்ரவரி முதல் வாரத்தில் அதே சாயம், அதே பெயின்ட், அதே கை; வேலை நினைத்தபடி வந்தது. நடுவில் மாறியவை இரண்டுதான்: மூடுபனி விலகியது, வேலையின் வரிசை திருந்தியது. 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில், சமவெளிக்காரர்கள் சொல்லும் காயும் நேரமும் ஊறும் நேரமும் செல்லாது. அதனால் அளவு, நேரம், செலவு, தப்பு எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைக்கிறோம்.

செய்தது ஒரு சுவர் அலமாரி. 4 அடி உயரம், 2½ அடி அகலம், 10 அங்குல ஆழம், இரண்டு கதவு, உள்ளே இரண்டு தட்டு. பழைய பங்களா ஒன்றில் நடக்கும் ஹோம்ஸ்டேயின் சாப்பாட்டு அறைக்கு. அந்த அறையில் இருக்கும் மேசை, நாற்காலி, சமையலறை அலமாரி எல்லாமே ஐம்பது அறுபது வருடம் புழங்கியவை. அவற்றின் நடுவே புது மெருகோடு ஒன்று வந்து நின்றால் கண் அங்கேயே போய் முட்டும். காரைக்குடியில் பழைய சாமான் கடைகளில் தேடலாம். ஆனால் இந்தச் சுவரின் அளவுக்கு அங்கே கிடைப்பது அபூர்வம், மலையேற்றிக் கொண்டுவரும் வாடகை வேறு. அதோடு, விலைக்கு வரும் ஒவ்வொரு பழைய கதவுக்குப் பின்னாலும் பிரித்துப் போட்ட ஒரு வீடு இருக்கிறது. புதிதாகச் செய்து பழசின் தோற்றம் கொடுப்பதே எங்களுக்குச் சரியாகப் பட்டது.

முதலில் பழசைப் பார்ப்பது

ரம்பத்தைத் தொடுவதற்கு முன் அந்தச் சமையலறையின் பழைய அலமாரியை அரை நாள் உட்கார்ந்து பார்த்து, தேய்மானம் இருக்கும் இடங்களைப் பென்சிலால் வரைந்து கொண்டோம். இந்த வேலையில் மிக முக்கியமான அரை நாள் அது. சங்கிலியால் நாலு அடி, உப்புத்தாளால் நாலு இழுப்பு என்று கண்ட இடத்தில் தேய்த்த 'ஆன்டிக் ஃபினிஷ்' சாமான் பார்த்த உடனே பொய் சொல்லும். உண்மையான தேய்மானத்துக்குக் காரணம் உண்டு.

வலது கதவு இடது கதவைவிடப் பல மடங்கு தேய்ந்திருந்தது. இடது கதவை உள்தாழ்ப்பாள் போட்டு நிறுத்திவிட்டு வலதை மட்டுமே தினமும் திறக்கிறார்கள். வலது கதவின் குமிழைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குப் பெயின்ட் போய் மரம் கறுத்திருக்கிறது. குமிழுக்குக் கீழே, விரல் நகம் படும் இடத்தில் பிறைபோல ஒரு பள்ளம். அடியில் 3 அங்குல உயரத்துக்குப் பெயின்ட் உரிந்திருக்கிறது. தரை துடைக்கும் ஈரத் துணி பட்டுப் பட்டு உரிந்தது. தட்டுகளின் முன்விளிம்பு நடுவில் மழுங்கியும், இரு ஓரமும் கூராகவும் இருக்கின்றன. ஜன்னல் வெயில் படும் மேல் பாதியில் மட்டும் பெயின்ட் வெடித்திருக்கிறது. முதுகுப் பலகைக்குப் பெயின்டே இல்லை. மேல் தட்டின் மீது பல வருட அடுப்புப் புகை பிசுபிசுப்பாகப் படிந்திருக்கிறது.

இன்னொன்று, ஸ்க்ரூ. பழைய கீலில் இருப்பதெல்லாம் ஒற்றைக் கீறல் தலை. நட்சத்திரக் கீறல் ஸ்க்ரூவே 1930-களில் அமெரிக்காவில் வந்தது. இங்கே மரவேலைக்குள் பரவலாக நுழைந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. எவ்வளவு பாடுபட்டுப் பழசாக்கினாலும் கீலில் நட்சத்திர ஸ்க்ரூ மின்னினால் கதை முடிந்தது. முதுகில் ப்ளைவுட் அடித்தாலும் அப்படித்தான்.

மரம்

உடம்புக்கு சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக நிற்கும் அதே மரம். ஓக் என்று பெயர் இருந்தாலும் ஓக் குடும்பம் இல்லை. ஆரப்பாட்டில், அதாவது மரத்தின் நடுவிலிருந்து வெளிநோக்கி அறுத்தால் ஓக் போலவே பளபளவென்று புள்ளிக்கீற்று தெரியும், அவ்வளவுதான். மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஆகவே ரசீது கொடுக்கும் டிப்போவில் மட்டும் வாங்குவது நல்லது. 1 அங்குலப் பலகை, கழிவு சேர்த்து 2½ கன அடி ஆனது.

வாங்கிய அன்று ஈரமானியில் 22 சதவீதம் காட்டியது. அப்படியே அடித்திருந்தால் ஹோம்ஸ்டேயில் கணப்பு மூட்டும் முதல் டிசம்பரிலேயே பலகை வளைந்திருக்கும். கட்டை வைத்து அடுக்கி, மேல் பலகைமேல் கல் ஏற்றி, காற்றோட்டமான கூரைக்குக் கீழே விட்டு 15-க்கு இறங்கிய பிறகே தொட்டோம். மழைக்காலக் குன்னூரில் அதற்குக் கீழே இறக்க முயல்வதும் வீண். மரம் காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

சில்வர் ஓக் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் தரும். முழுக்கைச் சட்டை, முகமூடி இல்லாமல் தேய்க்க வேண்டாம்.

கதவுக்குப் பார்சல் பெட்டி பைன் மரம், மூன்று பாலெட் (சரக்கு அடுக்கும் மரச்சட்டம்) பிரித்தது. பாலெட்டில் முத்திரை பார்க்க வேண்டும். 'எச்.டி.' என்றிருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எடுக்கலாம். 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. சாப்பாட்டு அறைக்குள் வேண்டாம். முத்திரையே இல்லாததும் வேண்டாம்.

பைனைக் கதவுக்கு எடுத்ததற்குக் காரணம் கம்பி பிரஷ். பைனில் மென்மையான ரேகையும் கெட்டியான ரேகையும் மாறி மாறி வரும். பித்தளைக் கம்பி பிரஷால் ரேகை ஓடும் திசையில் அழுத்தி இழுத்தால் மென்மையானது கழன்று, கெட்டி ரேகை மட்டும் மேடாக நிற்கும். வெயிலிலும் மழையிலும் கிடந்த பலகைபோல. சில்வர் ஓக்கில் இதையே செய்து பார்த்தோம், நார் நாராகப் பிசிறியதுதான் மிச்சம். அந்தப் பலகையை முதுகுக்குத் தள்ளிவிட்டோம். மணல் வீச்சு எந்திரத்தில் கொடுத்தால் அரை மணியில் முடியும் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று விட்டோம். புது ஜீன்ஸைப் பழசாக்க மணல் வீசிய தொழிலாளர்களின் நுரையீரல் சிலிக்கா தூசியால் கெட்டுப்போய், துருக்கி 2009-இல் அந்த முறையையே தடை செய்தது. ஒரு பொருளுக்கு வயது ஏற்ற இன்னொருவரின் ஆயுளைக் குறைக்கும் முறை எதுவானாலும் பட்டறைக்குள் வரக்கூடாது.

அடிப்பதும் துளைப்பதும்

சாயத்துக்கு முன்பே காயம். அப்போதுதான் பள்ளத்தில் சாயம் தேங்கிக் கறுக்கும். பிறகு அடித்தால் பள்ளத்தில் வெள்ளை மரம் பல்லிளிக்கும்.

முன்விளிம்புகளை முதலில் இழைப்புளியால் லேசாகச் சாய்த்து, பிறகு உருண்டையான கரண்டிக் காம்பால் அழுத்தித் தேய்த்தோம். உப்புத்தாள் விளிம்பை வெட்டும். காம்பு நாரை நசுக்கி மழுக்கும். கை பட்டு வரும் மழுக்கம் இந்த இரண்டாவது வகை. தட்டின் நடு 12 அங்குலத்துக்கு மட்டும் இதைச் செய்தோம், ஓரம் தொடவில்லை. அடிப்பகுதிக்கு மட்டும் சாவிக்கொத்து, நாலைந்து அடி. நாற்காலிக் கால் இடிக்கும் உயரமான 16 அங்குலத்தில் இரண்டு நீளக் கீறல்.

புழுத் துளை போடுவதில் ஒரு தப்பு. முதல் பலகையில் 2 மில்லிமீட்டர் துளையை நேராக, சம இடைவெளியில், நாற்பது போட்டாயிற்று. உப்புச் சல்லடை மாதிரி இருந்தது. மரத்தை அரிக்கும் பொடிவண்டு வெளியேறும் துளை 1 முதல் 2 மில்லிமீட்டர். மரத்தின் வெளிவெட்டுப் பகுதியில், அதாவது வெளிர் நிறப் பட்டையில், கூட்டமாக இருக்கும். வைரப் பகுதியில் அநேகமாக இருக்காது. இரண்டாம் முறை 1 மற்றும் 1½ மில்லிமீட்டர் பிட் மாற்றி மாற்றி, சாய்வாக, ஒரு மூலையில் ஒன்பது, கீழ்த் தட்டின் பின்பக்கம் ஐந்து. அதோடு நிறுத்தினோம். பதினாலே போதும் என்று நிறுத்திக்கொள்வதுதான் கடினம்.

சாயம்: தேயிலை, கடுக்காய், இரும்பு

கடையில் விற்கும் வால்நட் ஸ்டெயின் மரத்தின் மேலே நிற்கும் நிறம். தேய்த்தால் அடியில் புது மரம் தெரிந்துவிடும். இரும்புக் கரைசல் அப்படியில்லை. மரத்துக்குள் இருக்கும் துவர்ப்புச் சத்தான டானினோடு இரும்பு சேர்ந்து நாருக்குள்ளேயே கறுக்கிறது. கடுக்காயில் தோய்த்த துணியில், வெல்ல நீரில் ஊறிய இரும்பைக் கொண்டு கலம்காரிக்காரர்கள் எழுதும் கறுப்பும் இதே வினைதான். பழைய கடுக்காய் மையும் இதுதான். சில்வர் ஓக்கிலும் பைனிலும் இந்தத் துவர்ப்பு போதாது. அதை வெளியிலிருந்து ஏற்ற வேண்டும், அதற்குத்தான் தேயிலை.

இரும்புக் கரைசல்: சமையல் வினிகர் 500 மில்லி, இரும்புப் பஞ்சு 30 கிராம். முதல் புட்டியில் பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் கம்பிச் சுருளைப் போட்டதால் ஒரு வாரம் ஆகியும் ஒன்றும் கரையவில்லை. அது துருப்பிடிக்காத எஃகு, வினிகருக்கு அசையாது. மரப் பாலிஷுக்கு விற்கும் '0000' எண் இரும்புப் பஞ்சுதான் வேண்டும். அதிலும் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள். பாத்திரச் சோப்பில் கழுவிப் பிழிந்துவிட்டுப் போட வேண்டும். கழுவாத புட்டியில் மேலே எண்ணெய்ப் படலம் மிதந்து மரத்தில் திட்டுத் திட்டாகப் பிடித்தது.

கண்ணாடிப் புட்டி, மூடியை இறுக்கக் கூடாது. இரும்பு கரையும்போது ஹைட்ரஜன் வாயு வரும். இறுக்கினால் புட்டி வெடிக்கும், கணப்புப் பக்கத்தில் வைத்தால் தீப்பிடிக்கும். சமவெளியில் இரண்டு நாளில் கரைவது, இரவில் 10 டிகிரிக்கு இறங்கும் குன்னூர் ஜனவரியில் ஐந்து நாள் பிடித்தது. பகலில் புட்டியை வெதுவெதுப்பான நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி வைத்தது உதவியது. வெளிறிய பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும்போதே இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டி இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். நாள்பட்டு ஆரஞ்சாக மாறியதைப் பூசினால் மரம் கறுக்காது, துருக்கறைதான் பிடிக்கும்.

தேயிலைக் கஷாயம்: மலிவான டஸ்ட் தேயிலை 100 கிராம், தண்ணீர் 1 லிட்டர், 20 நிமிடம் கொதி. இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுவதால் 30 நிமிடம் விட்டோம். உயர்ந்த ஆர்த்தடாக்ஸ் தேயிலையை இதற்கு வீணாக்க வேண்டாம். கடுக்காய்: நாட்டு மருந்துக் கடைப் பொடி 50 கிராம், 1 லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து மெல்லிய துணியில் வடித்தது. சரியாக வடிக்காவிட்டால் பொடி மரத்துளைக்குள் தங்கிக் கறுப்பு மிளகுபோலப் புள்ளி விழும்.

துண்டுப் பலகைகளில் கிடைத்த முடிவு: சில்வர் ஓக்கில் இரும்பு மட்டும் என்றால் சோகை பிடித்த சாம்பல். தேயிலை இரு பூச்சு, மேலே இரும்பு என்றால் பழுப்புச் சாம்பல், பழைய வீட்டு உத்திரத்தின் நிறம். கடுக்காய் மேலே இரும்பு என்றால் நீலம் கலந்த கருமை. மூன்றிலும் அந்தப் புள்ளிக்கீற்று மட்டும் சற்று வெளிறியே நின்றது, அது அழகாகவே இருந்தது. ஆகவே உடம்பு முழுக்கத் தேயிலை. குமிழைச் சுற்றி, தட்டு முன்விளிம்பின் நடு, அடி மூலைகள் ஆகிய கைபட்ட, அழுக்கேறிய இடங்களில் மட்டும் சிறு பிரஷால் கடுக்காய்.

முதல் பலகையில் வரிசை மாறிவிட்டது: இரும்பு முதலில், தேயிலை பிறகு. ஈரம் பட்டதும் இரும்பு மேலே ஊறி வந்து, கறுப்பு மரத்துக்குள் போகாமல் மேற்பரப்பில் மைபோலப் படிந்தது. துணியால் துடைத்தால் துணியோடு வந்தது. சரியான வரிசை இது: வெறும் தண்ணீரால் துடைத்து, எழும்பும் நாரை 180 உப்புத்தாளால் இறக்குவது, தேயிலை, காய்ச்சல், இரண்டாம் தேயிலை, முழுக் காய்ச்சல், பிறகு வினிகர்க் கரைசலில் பாதி, தண்ணீர் பாதி கலந்து ஒரே பூச்சு. பூசிய சில நிமிடத்தில் கறுக்கத் தொடங்கி ஒரு மணி நேரம் வரை ஆழ்ந்துகொண்டே போகும். பத்தாவது நிமிடத்தில் 'போதவில்லை' என்று இன்னொரு பூச்சு போடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. இரவு முழுக்க விட்டு, காலை வெளிச்சத்தில் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். பிரஷில் இரும்புத் தகடு இருந்தால் அதுவும் கறையாகும். நைலான் பிரஷ், பிளாஸ்டிக் கிண்ணம்.

பெயின்ட்

கதவுக்கு இரண்டு அடுக்கு: அடியில் கரும்பச்சை, மேலே கிரீம். பழைய அலமாரியின் உரிந்த இடத்தில் இதே இரண்டு நிறமும் இந்த வரிசையில்தான் தெரிந்தன. எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் பெயின்ட்) 500 மில்லிக்குச் சாக் பவுடர் 150 கிராம், அதை முதலில் 80 மில்லி தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்துச் சேர்க்க வேண்டும். சாக் பவுடர் கிடைக்காத ஒரு நாள் கோலமாவு சேர்த்துப் பார்த்தோம். அது கல் பொடி. நரநரவென்று இருந்தது, தேய்க்கும்போது கீறலும் விழுந்தது.

பச்சைக்கு முன், பெயின்ட் போக வேண்டிய இடங்களில் வெள்ளை மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்தோம். பச்சை காய்ந்த பின் கிரீம் மட்டும் போக வேண்டிய இடங்களில் மறுபடி மெழுகு. மெழுகின் மேல் பெயின்ட் பிடிக்காது. காய்ந்த பிறகு மழுங்கிய கத்தியால் சுரண்டினால் சில்லுச் சில்லாக உரியும். உப்புத்தாள் தேய்த்த மாதிரி கரைந்து மங்காது. அடி 3 அங்குலத்தைச் சொரசொரப்பான ஈரத் துணியால் தேய்த்தோம், தரைத் துணி செய்யும் வேலையை அதுவே செய்யட்டும் என்று.

நவம்பரில் கெட்டது இங்கேதான். வடகிழக்குப் பருவக்காற்று மழை குன்னூர்ச் சரிவில்தான் ஓங்கி அடிக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கும் பட்டறைக்குள் பனிமூட்டம். தொட்டால் காய்ந்ததுபோல் இருந்த எமல்ஷன் நாலாம் நாளும் உள்ளே பச்சையாக இருந்திருக்கிறது. சுரண்டியபோது சில்லாக உரியாமல் ரப்பர் தோல்போல நீளமாகக் கிழிந்து வந்தது.

வெடிப்பு அதைவிட மோசம். வெடிப்புக்கு முறை இது: காய்ந்த பச்சையின் மேல் வெள்ளைப் பசை (பெவிகால் வகை) ஒரு பூச்சு, அது விரலில் ஒட்டும், ஆனால் விரலோடு வராது என்ற பதத்தில், கிரீமை ஒரே இழுப்பில் தடிப்பாகப் பூசுவது. மேலே உள்ள பெயின்ட் சீக்கிரம் காய்ந்து சுருங்க, அடியில் பசை இன்னும் இளகியிருக்க, பெயின்ட் வெடிக்கும். நவம்பரில் இரண்டு மணி நேரம் ஆகியும் பசை பதத்துக்கு வரவில்லை. பூசிய கிரீம் அதோடு கலந்து பாலாடை போலச் சரிந்தது. தலைமுடி காயவைக்கும் டிரையரைக் காட்டினோம். காற்று பட்ட இடம் சுருங்கி, படாத இடம் வழுவழுவென்று நின்றது. மொத்தத்தையும் சுரண்டி எடுக்க ஒரு நாள் ஆயிற்று.

பிப்ரவரியில், வெயில் நாளில், காலை பதினொன்றுக்குத் தொடங்கி, பசை 40 நிமிடத்தில் பதம் வந்தது. கிரீம் பூசிய ஏழாம் நிமிடம் வெடிப்பு ஓடத் தொடங்கியது. பூசிய இடத்தில் பிரஷை மறுபடி கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால் வெடிப்பு மூடிக்கொள்ளும். வெடிப்பு பிரஷ் போன திசையிலேயே ஓடும். ஆகவே ரேகையோடு சேர்த்து மேலிருந்து கீழாக மட்டும் இழுத்தோம். கதவின் மேல் பாதியில், ஜன்னல் வெயில் விழும் அளவுக்கு மட்டும்.

இரும்புச் சாமான்

3 அங்குலக் கீல் நாலு, கொண்டி ஒன்று, வளையம் ஒன்று. பூச்சில்லாத கறுப்பு இரும்பு கிடைத்தால் பாதி வேலை மிச்சம். கிடைத்ததெல்லாம் துத்தநாகப் பூச்சு. வானவில் மஞ்சளாக மின்னும் வகையை ஒதுக்கினோம், அந்த மஞ்சளில் குரோமேட் உண்டு. வெள்ளிபோல் மின்னுவதை வினிகரில் மூழ்கவைத்தால் குமிழி விடும். குமிழி நின்றால் துத்தநாகம் போயிற்று என்று பொருள். ஒரு முழு நாள் ஆனது. உலையில் காய்ச்சிப் பூச்சை எரித்துவிடுவது சில பட்டறைகளில் வழக்கம். துத்தநாகப் புகை மூச்சில் போனால் அன்றிரவே குளிர்காய்ச்சல் அடிக்கும். செய்யவே கூடாது.

துருவுக்கு: மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு 240 மில்லி, வினிகர் 30 மில்லி, உப்பு முக்கால் தேக்கரண்டி. வெயிலில் வைத்துத் தெளித்தால் சில நிமிடத்தில் செந்துரு பூக்கும். கையுறை, கண்ணாடி, திறந்த வெளி. கலந்ததை மூடி வைக்கக் கூடாது, மிச்சத்தை வைத்துக்கொள்ளவும் கூடாது.

முதல் ஜோடிக் கீலைத் துருவோடு அப்படியே மாட்டிவிட்டோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வாரப் பனியில் துரு தொடர்ந்து ஊறி, கிரீம் பெயின்டில் செம்பழுப்புக் கண்ணீர்க் கோடாக வழிந்தது. துரு நிற்க வேண்டுமானால் கொதிக்க வைக்க வேண்டும். துருப்பிடித்த கீலைச் சுத்தமான நீரில் 45 நிமிடம் கொதிக்க விட்டால் செந்துரு கறுப்புத் துருவாக, அதாவது காந்த இரும்பு ஆக்சைடாக மாறி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். துணியால் தேய்த்து, மறுபடி தெளித்து, மறுபடி கொதி. மூன்று சுற்றில் கொல்லன் உலைக் கறுப்பு வந்தது. சூடாக இருக்கும்போதே ஆளிவிதை எண்ணெய் தடவித் துடைத்தோம். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும்; கொடியில் விரித்துப் போட்டுக் காயவிட வேண்டும்.

ஒற்றைக் கீறல் ஸ்க்ரூ, முக்கால் அங்குலம், இரண்டு கடை ஏறி இறங்கித்தான் கிடைத்தது. அவற்றையும் இதே பக்குவத்தில் கறுப்பாக்கினோம்.

மெழுகு

தேன்மெழுகு 100 கிராம், டர்பன்டைன் 300 மில்லி. கோத்தகிரிப் பக்கம் நல்ல தேன்மெழுகு கிடைக்கும். பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்துச் சுடுநீரில் மெழுகை உருக்கி, அடுப்பை அணைத்த பிறகே டர்பன்டைன் ஊற்ற வேண்டும். எரியும் அடுப்பின் மேல் ஊற்றினால் தீ. முதலில் தெளிமெழுகு எல்லா இடத்துக்கும். மறுநாள் கரும்பழுப்பு பூட் பாலிஷ் மூலைகளிலும் பள்ளங்களிலும் வெடிப்புகளிலும். தெளிமெழுகு இல்லாமல் பூட் பாலிஷ் போட்டால் கிரீம் பெயின்ட் அதை உறிஞ்சிக் கறையாகிவிடும், துடைத்தாலும் போகாது. பாலிஷ் ஈரமாக இருக்கும்போதே துணியில் சலித்த கணப்புச் சாம்பலும் கொஞ்சம் செம்மண்ணும் மூலைகளில் ஊதி, அரைமணி கழித்துத் துடைத்தோம். நீலகிரியின் பழைய சாமானில் மூலைத் தூசி சிவந்துதான் இருக்கும்.

தட்டுகளுக்குப் பூட் பாலிஷ் போடவில்லை. தட்டு, பாத்திரம் வைக்கும் இடம் அது, வெறும் தேன்மெழுகு.

செலவு

சில்வர் ஓக் 2,125 ரூபாய், பாலெட் 450. தேயிலை, கடுக்காய், வினிகர், இரும்புப் பஞ்சு எல்லாம் சேர்த்து 330. பெயின்டும் சாக் பவுடரும் 630. கீல், கொண்டி, வளையம் 420, பெராக்சைடு 60. மெழுகு, டர்பன்டைன், பூட் பாலிஷ், மெழுகுவத்தி 430. உப்புத்தாள் 200. ஆக 4,645 ரூபாய். ஆசாரி கூலி மூன்று நாள். பழசாக்கும் வேலைக்குக் காய்ச்சல் நேரம் நீங்கலாக ஐந்து நாள். அதில் ஒன்றரை நாள் நவம்பர்த் தப்பைத் திருத்தவே போனது. அலமாரி செய்வதைவிட அதைப் பழசாக்கவே அதிக நாள் ஆகும் என்பதைக் கேட்பவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

முதுகுப் பலகையின் உள்பக்கம், எண் பதிக்கும் இரும்பு அச்சால், செய்த ஆண்டை ஆழமாக அடித்திருக்கிறோம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருளை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தொன்மைப் பொருளாகக் கருதுகிறது. அந்தப் பெயரில் புதுச் சாமானை விற்பது ஏமாற்று. தோற்றத்துக்கு வயது ஏற்றலாம், ரசீதுக்கு ஏற்றக்கூடாது. ஆண்டு முத்திரை வேண்டாம் என்று சொல்பவருக்கு இந்த வேலையைச் செய்து கொடுப்பதில்லை.

அடுத்த முறை மாற்றப் போவது: பெயின்ட் வேலை ஜனவரி நடுவிலிருந்து மார்ச் முடிவுக்குள் மட்டும். மழையில் மரவேலையும் சாயமும் செய்துவைக்கலாம், அவற்றுக்கு ஈரத்தால் பெரிய கெடுதல் இல்லை. கிரீமுக்கு எமல்ஷனில் சாக் பவுடரை 150-லிருந்து 120 கிராமாகக் குறைக்க வேண்டும். இப்போது அடி விளிம்பில் விரலால் தேய்த்தால் லேசாக மாவு வருகிறது. கடுக்காயைக் குமிழைச் சுற்றிச் சற்று அதிகம் வைத்துவிட்டோம், இன்னும் பாதியாக நீர்க்கலாம். இடது கதவைத் தேய்த்ததும் கொஞ்சம் அதிகம். கை படாத கதவு அது.

கீலின் கீழ் துரு வழிகிறதா என்று ஜூலை மழையில் ஒரு முறையும் நவம்பரில் ஒரு முறையும் போய்ப் பார்க்க வேண்டும். வலது கதவின் கீழ்க்கீல்தான் சந்தேகம். அது இரண்டு சுற்றுக் கொதியோடு மாட்டியது.